மீராசாவின் கறண்ட் சட்டி

சுஹறா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது முகைதீன்பாவா குசினி வாசலில் வந்து நின்றார். கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் மனிதர். காலை ஏழு மணிக்குக் குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கிறவரல்ல. ஏதோ சொல்லக் கஷ்டமான கதையோடுதான் கணவர் வந்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"மீராசாக்கு வீட்டுத்திட்டத்தில வீடு குடுத்திட்டாங்க. கறண்டும் வந்திட்டாம்," என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல விசயம்தானே."

"புள்ளைகள் ரெண்டு பேரையும் கூட்டிக்கு போகப்போறானாம்."

சுஹறாவின் கையில் இடியப்ப உரல் நின்றுவிட்டது. பாதி பிழிந்த மாவு நூல் நூலாகத் தொங்கியது.

"கூட்டிக்கு போய்? ஆரு ஆக்கிக் குடுக்கிற? விடியச் சுபஹுக்கு மிசினை எடுத்துக்கு போனா இருட்டி மஃரிபுக்கு வாற மனிசன்!"

"அத அவன்ட்டக் கேளு. எனக்கிட்டக் கேட்டா நான் சீலை விலைதான் சொல்லுவன்."

மீராசா அவளுடைய தங்கச்சி றம்லாவின் கணவன். உழவு மிசின் ஓட்டுகிறவன். அறுவடைக் காலத்தில் இறக்காமத்து வயல்களிலிருந்து நற்பிட்டிமுனை ஆலைக்கு நெல் ஏற்றுவான். கடல் பொங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவன் இறக்காமத்தில்தான் நின்றான். பிள்ளைகள் இருவரும் முதல் நாள் பின்னேரம் பெரியம்மா வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்கள். றம்லா மட்டும் கடற்கரை வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள்தான் அவளை அடக்கினார்கள். மூத்தவள் றுக்ஸானாவுக்கு அப்போது ஏழு வயது. இளையவள் சிபானா பால்குடி மறந்து ஆறு மாதமாகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். பெண் மவுத்தாகிக் கண்மூடிவிட்டால் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் சகோதரி வீட்டுக்குப் போய்விடுவான். பிள்ளைகள் உம்மாவின் சகோதரியோடு வளரும். வாப்பா வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. மீராசாவும் நாலரை வருடமாக அப்படித்தான் வந்துபோனான். சுனாமி முகாமிலிருந்து சைக்கிளில் வருவான். பிஸ்கட் பெட்டியை மேசையில் வைப்பான். விருந்தாளியைப் போலக் கதிரையின் நுனியில் இருந்து, பிள்ளைகளிடம் என்ன ஓதினீர்கள், என்ன படித்தீர்கள் என்று கேட்டுவிட்டு எழும்பிப் போவான்.

சுஹறாவுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். மூத்தவன் பாலமுனையில் பெண்ணெடுத்து அந்த வீட்டோடு போய்விட்டான். இளையவன் கட்டாரில் இருந்தான். வந்தாலும் இன்னொரு பெண்ணின் வீட்டுக்குத்தான் போவான். ஆண்பிள்ளைகளை மட்டும் பெற்றவளின் வீடு ஒருநாள் வெறிச்சென்று ஆகிவிடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அந்த வீட்டுக்குத்தான் அல்லாஹ் இரண்டு பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தான். தங்கச்சியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைத் தந்தான் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருக்கும். ஆனாலும் றுக்ஸானாவின் தலையைச் சீவிவிடும்போதெல்லாம் அந்த நினைவு வந்துவிடும்.

அன்று பின்னேரமே மீராசா வந்தான். இந்தமுறை கதிரை நுனியில் இருக்கவில்லை. நின்றுகொண்டே கதைத்தான்.

"மதினி, நீங்க செஞ்ச உபகாரத்துக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகா. ஆனா வீட்ட புள்ளைகள்ற பேரிலதான் எழுதக் குடுத்திரிக்கன். அவங்கட வீட்டில அவங்க இரிக்கணும். நானும் அவங்களோட இரிக்கணும்."

"சமையல்?"

"நான் ஆக்குவன்."

சுஹறா சிரித்துவிட்டாள். "நீ தேத்தண்ணி வெச்சாலே சீனி போட மறக்கிற ஆள்!"

"கறண்ட் சட்டி இரிக்கி மதினி," என்றான் மீராசா. அதைச் சொன்னதும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

முகாமில் நிவாரணம் பங்கிட்டபோது சீட்டுக் குலுக்கிக் கொடுத்த பெட்டி அது. மற்றவர்களுக்குப் பாய், தலையணை, அலுமினியப் பானை என்று வந்தது. மீராசாவின் பெட்டியில் ஒரு கனமான மண்சட்டி, அதைச் சுற்றி ஓர் இரும்புக்கூடு, கண்ணாடி மூடி, பின்னால் ஒரு வயர். அப்போது முகாமில் கறண்டே இல்லை. "மீராசாக்கு வெள்ளைக்காரன் பூச்சாடி அனுப்பியிரிக்கான்" என்று பெண்கள் சிரித்தார்கள். எறும்பு ஏறாது என்பதால் நாலு வருடம் அதில் சீனி போட்டு வைத்திருந்தான். புது வீட்டுக்கு வயர் இழுக்க வந்த நல்லரெத்தினம்தான், "இது என்ன அண்ணே, நல்ல சாமானை இப்பிடிப் போட்டு வெச்சிரிக்கீங்க" என்று எடுத்துத் தூசு தட்டினான். பெட்டிக்குள் கிடந்த தாளை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னதும் அவன்தான்.

"காலத்தால இறைச்சி, கிழங்கு, தூள், உப்பு எல்லாத்தையும் போட்டு மூடிட்டுப் போகலாம். மெதுவா, கொதிக்காம, எட்டு மணித்தியாலம், பத்து மணித்தியாலம் அதுபாட்டுக்கு வேகும். ஒரேயொரு சட்டம்தான். இடையில மூடியத் திறக்கப்படா. திறந்தா சூடு போயிடும், மறுகா ஏறச் சுணங்கும்."

"மூடியத் திறக்காம ஒரு ஆணமா? உப்புப் பாக்கிறல்ல, கிளறுறல்ல... அது சமையலா, புதையலா?"

"நீங்க ஒருக்கா வந்து திண்டு பாருங்க."

முகைதீன்பாவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நியாயமான மனிதர். ஆனால் நியாயத்தைச் சீக்கிரமாக முடித்துவிட்டுக் கடைக்குப் போக விரும்புகிறவர். "சரி. ஒரு கிழமை புள்ளைகள் உன்னோட இரிக்கட்டும். வாற வியாழக்கிழமை மஃரிப் தொழுதிட்டு நாங்க ரெண்டு பேரும் வாறம். சோறு திம்பம். வீட்டப் பாப்பம். புள்ளைகளப் பாப்பம். சரிவந்தா அவங்க அங்க. சரிவராட்டி இஞ்ச. மறுகா ஒருத்தரும் இதப்பத்திக் கதைக்கப்படா."

போகும்போது மீராசா கதவின் இரண்டாவது திறப்பைச் சுஹறாவின் கையில் கொடுத்தான். "நீங்க எப்பவும் வரலாம் மதினி. இது உங்கட தங்கச்சிர வீடுதான்."

*

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சத்தமே இல்லை. கோழி கொக்கரித்தாலும் சுஹறா திரும்பிப் பார்த்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு மட்டும் உயிர் வரும். பிள்ளைகள் ஓதுகிற மத்ரசா அவள் வீட்டுக்கு நாலு வளவு தள்ளித்தான். சிபானா ஓதப்போகிற வழியில் ஓடிவந்து வாசல் கடப்படியில் நின்றபடியே செய்தி சொல்லிவிட்டுப் போவாள்.

"பெரியும்மா, நேத்துக் கோழி! எலும்புல இருந்து தானா கழண்டு வந்திச்சி!"

அடுத்த நாள், "பருப்பும் முருங்கக்காயும். வாப்பா உப்புக் கூடப் போட்டுட்டாரு. தேசிக்காய் புளிஞ்சி சரிக்கட்டினம்."

அதற்கடுத்த நாள், "பூசணியும் இறைச்சியும்! இறைச்சி கால் துண்டாம். கால் துண்டு விலை குறைவாம், ஒருத்தரும் வாங்குறல்லயாம், இந்தச் சட்டிக்கு அதுதான் சரியாம். இறைச்சிக்கடக்கார நானாதான் வாப்பாக்குச் சொல்லிக் குடுத்தாரு."

மாட்டுக்காலின் தசையைச் சுஹறா ஒருநாளும் வாங்கியதில்லை. அரைநாள் விறகு எரித்தாலும் செருப்பைப்போல இழுபடும். பொய் சொல்கிறாளோ என்று சிபானாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் வாய் அந்த இறைச்சியை நினைத்து இன்னும் மென்றுகொண்டிருந்தது.

"றாத்தா றுக்ஸானா என்ன செய்றா?"

"றாத்தா முதல் நாள் ராவே வெங்காயம் உரிச்சி வெச்சிருவா. வாப்பா சுபஹ் தொழுதிட்டு எல்லாத்தையும் சட்டியில போட்டுட்டு மிசினுக்குப் போயிருவாரு. நாங்க பள்ளிக்கூடம் உட்டு வந்தா வீடெல்லாம் மணக்கும். திறக்கப்படா எண்டு மூடிய மோந்து மட்டும் பாப்பம்."

சிபானா போனபிறகு சுஹறா வெகுநேரம் கடப்படியிலேயே நின்றாள். தங்கச்சியின் பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள் என்றால் மனம் குளிர வேண்டும். அவளுக்கோ நெஞ்சுக்குள் ஒரு சின்ன முள் நின்றது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பாவமன்னிப்புக் கேட்டு இஸ்திக்ஃபார் கூடுதலாக ஓதினாள். முள் போகவில்லை.

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிபோல, புதிதாகத் தைத்த இரண்டு படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு சுஹறா வீட்டுத்திட்டத்துக்குப் போனாள். விரிப்புக் கொடுக்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆணில்லாத நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம், வீடு எந்தக் கோலத்தில் கிடக்கிறது என்று பார்க்கும் ஆசையும் அந்த விரிப்புகளோடு மடிந்து கிடந்தது.

வீடு கூட்டிப் பெருக்கித் துப்பரவாக இருந்தது. கழுவிய பீங்கான்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தொழுகைப் பாய்கள் மூன்று, பெரிதும் சிறிதுமாக, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்திருந்தன. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

குசினிக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆளில்லாத வீட்டில், ஒரு மூலையில், சட்டியின் வயிற்றில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி மூடி மெல்ல மெல்ல நடுங்கியது. கையை வைத்துப் பார்த்தாள். மேசைப்பலகையும் சூடாக இருந்தது.

முகாமில் ஒரு குப்பிலாம்பு சரிந்து ஏழு கொட்டில்கள் எரிந்ததை அவள் கண்ணால் கண்டவள். அவள் வீட்டில் அடுப்பை மூட்டிவிட்டுக் கடப்படிவரைகூடப் போவதில்லை. யா அல்லாஹ், இந்த மனிசன் நெருப்பை மூட்டிப்போட்டு இறக்காமத்துக்குப் போயிருக்கிறானே! பிள்ளைகள் வந்து நித்திரையாய்க் கிடக்கும்போது பற்றினால்? சுவரிலிருந்த சுவிச்சைத் தட்டி அணைத்தாள். சிவப்பு வெளிச்சம் போனது. மூடியின் நடுக்கமும் கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

பகல் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளை வழியில் கண்டு சொல்லிவிடுவோம் என்று நினைத்தபடிதான், வைக்க மறந்த விரிப்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைப் பூட்டினாள். பாதி வழியில் கைபேசி அடித்தது. கட்டாரிலிருந்து இளையவன்.

"உம்மா, கம்பனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன். கோவிக்காதீங்க."

"நான் ஏன் மனே கோவிக்கிற? உடம்பப் பாத்துக்க," என்றாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. சட்டியும் சுவிச்சும் நினைவிலிருந்து அழிந்தே போயின. அன்று சிபானாவும் செய்தி சொல்ல வரவில்லை. விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று வீட்டில் வேலையாக இருந்திருப்பாள்.

அஸர் தொழுகையின் கடைசியில், அத்தஹிய்யாத்து ஓதும் இருப்பில் விரலை நீட்டும்போது சட்டென்று நினைவு வந்தது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் எழும்பிக் கைபேசியை எடுத்தாள். மீராசாவின் இலக்கம் இருந்தது. அழுத்தவில்லை.

அவன் வந்து பார்த்துப் போடுவான்தானே என்றது ஒரு மனம். மஃரிபுக்கு வந்து போட்டால் எப்படி வேகும் என்றது இன்னொரு மனம். மூன்றாவதாக ஒரு மனம் ஒன்றுமே சொல்லவில்லை. றுக்ஸானாவின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான். சுஹறா கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

*

மஃரிப் தொழுதுவிட்டு இருவரும் போனபோது மீராசா நெல்தூசி போகக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பாய் விரித்திருந்தது. நடுவில் பெரிய சஹன் தட்டில் சோறு. றுக்ஸானா தலையில் முக்காடு ஒழுங்காகப் போட்டு, கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். சிபானா பெரியம்மாவின் மடியில் ஏறி இருந்துகொண்டாள்.

"இண்டைக்கிக் கால் இறைச்சியும் கிழங்கும் பெரியும்மா! நாங்க மூடியத் தொடவே இல்ல. மோந்து பாக்கவும் இல்ல. வாப்பா சொன்னாரு, இண்டைக்கி மட்டும் மோக்கிறதும் வேணாம் எண்டு."

சுஹறா பிள்ளையின் தலையைத் தடவினாள்.

மீராசா இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வரும்போதே அவன் நடை தயங்கியது. சூடு கையில் ஏறவில்லை. பாயில் வைத்து, பிஸ்மி சொல்லி மூடியைத் தூக்கினான். ஆவி வரவில்லை. புளித்த வாடைதான் வந்தது. அகப்பையை விட்டுக் கிளறினான். இறைச்சித் துண்டுகள் அகப்பையில் இடித்து உருண்டன. ஒரு துண்டை நசுக்கிப் பார்த்தான். நசியவில்லை.

மீராசா குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து மெதுவாக இருந்தான்.

"சுவிச்சி அணைஞ்சிரிக்கி," என்றான். "காலத்தால போடாமப் போயிட்டன் போல. நித்திர மயக்கத்தில... மறந்திரிப்பன்."

முகைதீன்பாவா தொண்டையைச் செருமினார். கடையில் சாயம் போகிற துணியைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்களிடம் கதைக்கிற குரல் அது. கோபமில்லாமல், ஆனால் முடிவாக.

"மீராசா, நான் சொல்றெண்டு மனசில வெச்சிக்காத. இண்டைக்கிச் சுவிச்ச மறந்தா ஒரு நேரச் சோறுதான் போகும். நாளைக்கிக் கதவப் பூட்ட மறந்தா? மூத்தது வயசுக்கு வந்து குமராகப் போற புள்ள. பொம்புளை இல்லாத வீடு."

மீராசா தலையைக் குனிந்துகொண்டான். "ஓம் மச்சான்," என்றான். நாலரை வருடம் முகாமில் கிடந்து ஒரு வீட்டைக் கண்டவன், அந்த வீட்டின் நடுவில் மறுபடியும் விருந்தாளியைப்போல ஒடுங்கி இருந்தான்.

அந்த நேரத்தில்தான் றுக்ஸானா வாயைத் திறந்தாள்.

"பெரியப்பா, வாப்பா மறக்கல்ல. நான்தான் அணைச்சன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பள்ளிக்கூடத்தால வந்து குசினி கூட்டக்குள்ள விளக்குமாறு பட்டு வயர் ஆடிச்சி. பயத்தில அணைச்சன். மறுகா போட மறந்துட்டன். பிழை என்னிலதான். வாப்பாவ ஏசாதீங்க."

சொல்லும்போது அந்தப் பிள்ளை முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். சுஹறாவுக்கு அந்த விரல் தெரியும். எட்டு வயதில் ஒரு முட்டையை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்ட நாளிலும் இப்படித்தான் சுற்றினாள். அன்று அவளை மடியில் இருத்தி, உண்மை சொன்னால் அடிக்க மாட்டேன், பொய் சொன்னால்தான் பெரியம்மாவுக்கு நோகும் என்று சொல்லிக் கொடுத்ததே சுஹறாதான். அதன்பிறகு இன்றைக்குத்தான் இந்தப் பிள்ளை பொய் சொல்கிறாள். தனக்காக அல்ல.

"இல்ல மகள்," என்றான் மீராசா. "வாப்பாக்காகப் பொய் சொல்லாத. அது நானேதான்."

"இல்ல வாப்பா, நான்..."

"ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க!" என்றாள் சுஹறா.

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. சிபானா மடியிலிருந்து திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அணைச்சது நான்."

முகைதீன்பாவா திரும்பினார். "நீயா? நீ எப்ப இஞ்ச வந்த?"

"ஒம்பது மணிக்கி. விரிப்புக் குடுக்க வந்தன். வந்தது விரிப்புக் குடுக்கவும் இல்ல, வேவு பாக்க. ஒரு குறையும் கிடைக்கல்ல. இந்தச் சட்டி எரிஞ்சிக்கு இருந்திச்சி. வீடு பத்திக்கும் எண்டு பயந்து அணைச்சிட்டன். அல்லாஹ் அறிய, அது பயத்தில செஞ்சது." மூச்சை இழுத்துக்கொண்டாள். மிச்சத்தைச் சொல்லாமலும் விடலாம். இவ்வளவும் கேட்டவர்களுக்கு இதுவே போதும். ஆனால் பாதி உண்மையை இறக்கி வைத்தால் மற்றப் பாதி இன்னும் கனக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. "அஸருக்கு ஞாபகம் வந்திச்சி. கைபேசிய எடுத்தன். உனக்கு அடிச்சிச் சொல்லியிருக்கலாம் மீராசா. சொல்லல்ல. அது பயமில்ல. புள்ளைகள் எனக்கிட்டத் திரும்பி வரட்டும் எண்டுதான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. கனமான குடத்தை இடுப்பிலிருந்து இறக்கியவளைப்போல இருந்தது. அதே நேரத்தில், இரண்டு பிள்ளைகளையும் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்பதும் விளங்கியது.

மீராசா கண்ணாடி மூடியை எடுத்துச் சட்டியை மறுபடியும் மூடினான். கோபப்பட அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"மதினி," என்றான், "நானும் முதல் நாள் இத மூட்டிப்போட்டு வாய்க்கால் வரைக்கும்தான் போனன். மறுகா மிசினத் திருப்பிக்கு வந்து பாத்தன், வீடு நிக்கிதா எண்டு. நல்லரெத்தினம் ரெண்டாம் தரமும் வந்து வயரெல்லாம் பாத்துச் சொன்ன பிறகுதான் எனக்கே பயம் போனது. உங்களுக்கு நான் காட்டித் தரல்ல. திறப்ப மட்டும் தந்தன். ஆளில்லாத வீட்டில நெருப்பக் கண்டா எங்கிட புள்ளைகள நினைக்கிற ஆரும் அணைக்கத்தான் செய்வாங்க."

"அஸருக்குச் சொல்லாதது?"

"அதச் சொல்லாட்டி எனக்கு ஒருநாளும் தெரிய வந்திரிக்காதே," என்றான் மீராசா. "சொல்லிட்டீங்கதானே."

சிபானா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர்களின் கதை முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அப்ப இப்ப என்ன திங்கிற?" என்றாள்.

முகைதீன்பாவாதான் முதலில் சிரித்தார். தொந்தி குலுங்கச் சிரித்தார். "அதான் கேள்வி! வந்ததில இருந்து நான் அதத்தான் யோசிச்சிக்கு இரிக்கன்."

*

சட்டியில் இருந்ததை மீராசா வளவின் மூலையில் குழி தோண்டிப் புதைத்தான். றுக்ஸானா முட்டை பொரித்தாள். சுஹறா வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து கொடுத்தாள். முகைதீன்பாவா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாகத் தேங்காய் திருவினார். திருவியதில் பாதி பாயில் கிடந்தது. சம்பலும் முட்டையும் சோறுமாக ஐந்து பேரும் ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிட்டார்கள்.

"சரி," என்றார் முகைதீன்பாவா கையை நக்கியபடி, "இப்ப முடிவு என்ன? நான்தான் சொன்னன், மறுகா ஒருத்தரும் கதைக்கப்படா எண்டு."

"என்ன முடிவு? புள்ளைகள் இஞ்சதான்," என்றாள் சுஹறா. "வாப்பாவக் காப்பாத்தப் பொய் சொல்ற புள்ளைய வாப்பாட்ட இருந்து பிரிச்சா அல்லாஹ் எனக்கிட்டக் கேப்பான்."

சொல்லும்போது குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. மீராசா அதைக் கேட்டான். ஒரு கவளம் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"மதினி, ராச்சோத்துக்குத்தான் என்ட சட்டி. பகலைக்கு எனக்கிட்ட வழி இல்ல. பள்ளிக்கூடம் உட்டு ரெண்டு பேரும் வெயில்ல இவ்வளவு தூரம் வந்து, பாணத் திண்டுட்டு, மறுகா ஓத அவ்வளவு தூரம் நடக்காங்க. உங்கட வீடு மத்ரசாக்குப் பக்கம். பகல் சோறும் ஓதலும் உங்களோட. மஃரிபுக்கு நான் மிசினோட வந்து கூட்டிக்கு வாறன். முதலே கேக்கத்தான் இருந்தன்."

"கேட்டிரிக்கலாமே! ஏன் கேக்கல்ல?"

"கேட்டா ஒரேயடியா வெச்சிக்குவீங்க எண்டு பயந்தன்."

"பயந்தது சரிதான்," என்றாள் சுஹறா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. முக்காட்டால் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கி வெள்ளிக்கிழம. பகலைக்கு என்ன வேணும்?"

"இடியப்பமும் சொதியும்!" என்றாள் சிபானா.

பீங்கான் கழுவ எழும்பியபோது றுக்ஸானா குசினிக்குள் அவள் பின்னாலேயே வந்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தத்தின் மறைவில் கேட்டாள்.

"பெரியும்மா, நான் பொய் சொல்லிட்டன். கோவமா?"

"நோகத்தான் நொந்திச்சி," என்றாள் சுஹறா. "உன்னில இல்ல."

"தவ்பாச் செஞ்சி மன்னிப்புக் கேக்கணுமா?"

"செய்யத்தான் வேணும். நானும் செய்யணும். என்ட கணக்கு உன்டயவிடக் கூட." சுஹறா பிள்ளையின் விரலில் சுற்றியிருந்த முக்காட்டு நுனியை மெதுவாகக் கழற்றிவிட்டாள். "வா, ரெண்டு பேரும் சேந்து செய்வம்."

புதுப்பள்ளிவாசலிலிருந்து இஷாத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஆண்கள் இருவரும் பள்ளிக்குப் புறப்பட்டார்கள். சுஹறாவும் றுக்ஸானாவும் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டு வந்தபோது, சிபானா அவர்களுக்கு முந்தியே பாய்களை விரித்திருந்தாள். தன்னுடைய சின்னப் பாயை இரண்டுக்கும் நடுவில் போட்டு, அதில் ஏறி நின்றுகொண்டு, இருவரையும் "கெதியா வாங்க" என்று கூப்பிட்டாள்.